மரச்செதுக்கு நிலக்காட்சியில் எஞ்சும் கறுப்புக் கீற்றுகள்

கேள்வி (திருவையாறு):
எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் முதலிய ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிச (புறத்தோற்றத்தைவிட உள்ளுணர்ச்சியை முன்னிறுத்தும்) ஓவியர்களின் மரச்செதுக்கு நிலக்காட்சிகளில், வெறுமையாக இருக்க வேண்டிய இடங்களிலும் கறுப்புக் கீற்றுகள் தெறித்துக் கிடக்கின்றன. காவிரிப் படித்துறையைப் பிளைவுட்டில் செதுக்கி நான் அச்செடுத்தபோதும் வானத்தில் அப்படியே விழுந்தது. அது பிழை என்கிறார் எனக்குக் கற்பிப்பவர். பிழைதானா?

பதில் (கும்பகோணம்):
கீற்று தன்னளவில் பிழை அன்று, நண்பரே. உளி தோண்டிச் செல்லும் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மெல்லிய முகடு நிற்கும்; மை உருளை அதன் தலையைத் தொட்டால் தாளில் கீற்று விழும். 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னர் உள்ளிட்ட கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் தொடங்கிய ‘டி ப்ரூக்கே’ குழுவினர், மரத்தின் முரட்டுத்தன்மையும் கைவேலையின் தடமும் படத்தில் தெரிய வேண்டுமென விரும்பியதால், அந்த முகடுகளை முற்றிலும் மழித்துவிடவில்லை. உங்கள் வானத்தில் உளி எந்தத் திசையில் ஓடியது என்று பாருங்கள். திசையின்றி ஓடியிருந்தால் ஆசிரியர் சொல்வதில் நியாயம் உண்டு.

பதில் (மயிலாடுதுறை):
வண்ண அச்சுப் படிகளையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலைப்பகுதியில் வாழ்ந்தபோது கிர்ஷ்னர் 1919இல் செய்த ‘குளிர்கால நிலவிரவு’ எனக்கு மிகவும் நெருக்கமான படைப்பு. அவர் பெரும்பாலும் தம் கையாலேயே அச்சிட்டதால், ஒரே பலகையிலிருந்து எடுத்த படிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் உளி குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடியிருக்கிறது. வானத்தைப் புதிய பலகையில், ஆற்றின் போக்கிலேயே கிடைமட்டமாகச் செதுக்கிப் பார்க்கிறேன்.