பூனைக்கு வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருது, பல்லை எல்லாம் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?

சிட்டு அம்மா, பாளையங்கோட்டை:
எங்க சிட்டுக்கு ஆறு வயசு ஆகுது, நாட்டுப் பூனை, ஆம்பளப் பையன். ஒன்றரை வருஷமா வாய்ல ஈறு செவந்து புண்ணாகுது. ஊசி போட்டா மூணு வாரம் நல்லா இருக்கான், அப்புறம் மறுபடி எச்சில் ஒழுக ஆரம்பிக்குது, முன்னங்கால் ரெண்டும் அந்த எச்சில்லயே ஈரமா பழுப்பு கலர்ல ஒட்டிக் கெடக்கு. பசியில தட்டு கிட்ட ஓடி வாரான், ஒரு வாய் எடுக்கான், உடனே கத்திட்டு தட்டையே பாத்து சீறிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுதான். கொட்டாவி விட்டாகூட அழுதான், பாக்க முடியல. இது ஆறாவது ஊசி. இப்ப வேற டாக்டர்ட்ட காட்டுனோம், அவர் கடைவாய்ப் பல்லு எல்லாத்தையும் எடுக்கணும்ங்காரு. பல்லு இல்லாம எப்படி சாப்பிடுவான்? யாராவது இத பண்ணிருக்கீங்களா?

மீனாட்சி, சென்னை:
சிட்டு அம்மா, நான் பண்ணிருக்கேன், அதனால பயப்படாம படிங்க. முதல்ல அந்த ஊசி என்ன ஊசின்னு கேளுங்க. பெரும்பாலும் ஸ்டீராய்டாதான் இருக்கும், வீக்கம் சட்டுனு வத்திடும், ஆனா காரணம் அப்படியேதான் இருக்கும், அடிக்கடி போட்டா பூனைக்கு சுகர் வர வாய்ப்பு இருக்கு. எங்களுக்கு இத யாருமே சொல்லல, ஒரு கிளினிக்ல ரெண்டு வருஷம் ஊசியிலயே ஓட்டிட்டோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

இந்த நோய்ல பல்லு மேல படியுற கிருமியையே உடம்பு எதிரியா நெனச்சு சண்ட போடுது, அதனாலதான் ஈறு மட்டும் இல்லாம வாயோட பின்பக்கம், தாடை சேர்ற இடம் வரைக்கும் ரத்தச் சிவப்பா இருக்கும். பல்லே இல்லன்னா கிருமி தங்க இடம் இல்ல. என் பூனைப் பொண்ணுக்கு வேப்பேரி வெட்னரி காலேஜ்ல காட்டி கடைவாய்ப் பல்லு எல்லாம் எடுத்தோம், கோரைப் பல்லு நாலும் முன்பல்லும் விட்டுட்டாங்க. பூனை எப்படியும் மென்னு சாப்பிடுற ஜீவன் இல்லையே, இப்ப ட்ரை ஃபுட்டையே அப்படியே முழுங்குறா. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, எடுத்தப்புறம் எக்ஸ்ரே பாக்கச் சொல்லுங்க, வேர் துண்டு உள்ள மாட்டியிருந்தா புண்ணு திரும்ப வரும். ஆபரேஷனுக்கு முன்னாடி எஃப்ஐவி, எஃப்இஎல்வி ரெண்டு டெஸ்ட்டும் எடுத்துடுங்க, ரெண்டும் பூனையோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற வைரஸ்.

கருப்பன் அப்பா, கோவை:
மேல அக்கா சொன்னது சரிதான், ஆனா எல்லா பூனைக்கும் அப்படியே ஆகும்னு நம்பிடாதீங்க. பத்துல ஆறேழு பூனைதான் நல்லா தேறுது, அதுலயும் சிலதுக்கு புண்ணு ஆற மாசக்கணக்குல ஆகும். எங்க கருப்பன் மீதி இருக்குற கூட்டத்துல சேந்துட்டான், பல்லு எடுத்தும் வலி போகல, இப்ப சைக்ளோஸ்போரின்னு உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து ஓடுது, மாசாமாசம் செலவு இருக்கு. ஆனாலும் எடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன், முன்ன தலையைத் தடவவே விட மாட்டான், இப்ப அவனே வந்து கன்னத்தை என் காலில் தேய்க்கிறான்.

செல்வி, நாகர்கோவில்:
ஆபரேஷன் வரைக்கும் சாப்பாட்டை விட்டுறாதீங்க, ரெண்டு நாள் முழுசா சாப்பிடலன்னா பூனைக்கு ஈரல்ல கொழுப்பு சேந்து பெரிய பிரச்சனையாயிரும், உடனே தூக்கிட்டு ஓடுங்க. சாளை மீன (மத்தி) உப்பு போடாம அவிச்சு முள்ளு சுத்தமா எடுத்துட்டு அந்த தண்ணியோடயே மிக்ஸியில கஞ்சி மாதிரி அரைங்க, வெதுவெதுன்னு குடுங்க, சூடு ஆகாது. கிண்ணம் வேண்டாம், தட்டையான தட்டு வைங்க, விளிம்புல வாய் இடிச்சா வலிக்கும்.

ரொம்ப முக்கியம், வீட்டுல இருக்க பாரசிட்டமால் ஒரு துண்டு கூட குடுக்காதீங்க, பூனைக்கு உயிரே போயிரும். கிராம்பு எண்ணெயும் தடவக் கூடாது, அதுவும் விஷம். வலிக்கு பூனைக்குன்னு உள்ள மருந்தை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. கசப்பு மாத்திரை குடுத்தா வாயில நுரை தள்ளும், அது கசப்புக்குத்தான், பதறாதீங்க.

சிட்டு அம்மா, பாளையங்கோட்டை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோவை அண்ணன் உண்மைய சொன்னது நல்லதா போச்சு, மனச தயார் பண்ணிக்கிடுதேன். ஊசி சீட்ட எடுத்து பாத்தேன், ஸ்டீராய்டுதான். நேத்து ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு குடுத்தாச்சு, திங்கக்கிழமை இங்க ராமையன்பட்டி வெட்னரி காலேஜுக்கு கூட்டிட்டுப் போயி பல்லு எக்ஸ்ரே பத்தி கேக்கப் போறோம். செல்வி அக்கா, ராத்திரி சாளை அரைச்சு வச்சேன், முதல்ல மோந்து பாத்துட்டு தள்ளிப் போனான், நான் விரல்ல தொட்டு நீட்டுனேன், நக்குனான், அப்புறம் அவனே தட்டுக்கு வந்து பாதி காலி பண்ணிட்டான், ஒரு தடவகூட சீறல.