நேரில் கேட்ட ஜாஸ் பியானோ: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

இரவுப்பறவை:

நேற்று ஹெட்போன் இல்லாமல் பியானோக்காரர் கீத் ஜாரெட்டின் ரெக்கார்ட் போட்டிருந்தேன். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. வாசிக்கும்போதே அவர் முனகும் சத்தம் அது. ரெக்கார்டில் முனகல் மட்டும்தான் நமக்கு வந்து சேர்கிறது, ஆள் வருவதில்லை. இங்கே நியூயார்க், பாஸ்டன், டோக்கியோ பக்கம் இருப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பியானோக்காரர்களைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எழுதுங்கள். எந்த ஆல்பம் பெரிது என்ற சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது.

குயின்ஸ்வாசி:

என் கணக்கில் முதல் பெயர் ஃப்ரெட் ஹெர்ஷ். நான் கேட்டது வில்லேஜ் வான்கார்டில்.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 1935 முதல் நடக்கும் ஜாஸ் கிளப். செவன்த் அவென்யூவில் சிவப்புக் கதவைத் தள்ளிச் செங்குத்தான படியில் இறங்கினால், மேடையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் முக்கோண வடிவ நிலவறை. 123 பேர்தான் கொள்ளும். சாப்பாடு கிடையாது, குடிக்க ஏதாவது ஒன்று வாங்கியாக வேண்டும். போனை உள்ளே வைக்கச் சொல்லிவிடுவார்கள், சொன்னால் சொன்னதுதான். 1961 ஜூன் 25 அன்று பியானோக்காரர் பில் எவன்ஸின் ட்ரியோ, அதாவது மூவர் குழு, இங்கேதான் பதிவு செய்தது. அந்த ரெக்கார்டில் டம்ளர் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். அதில் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார் விபத்தில் போய்விட்டார். அந்த அறையில் உட்கார்ந்தால் இதெல்லாம் நினைவுக்கு வராமல் இருக்காது. அது இசையைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

மேடையைப் பார்த்து இடது சுவரோரம் இடம் பிடித்தால் கை தெரியும். அதற்காகவே சீக்கிரம் போய் வரிசையில் நின்றேன்.

ஹெர்ஷ் 1955 இல் சின்சினாட்டியில் பிறந்தவர். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1993 இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்து ஜாஸ் உலகத்தில் அது லேசான காரியம் இல்லை. 2006 இல் வான்கார்டில் ஒரு வாரம் முழுக்கத் தனியாகப் பியானோ வாசித்தார், அதற்கு முன் அங்கே யாரும் அப்படிச் செய்ததில்லை. 2008 இல் நிமோனியா முற்றி ஏறக்குறைய இரண்டு மாதம் கோமாவில் கிடந்தார். விழித்தபோது நடக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில் மறுபடி பியானோவுக்குப் பழக வேண்டியிருந்தது. கோமாவில் கண்ட கனவுகளை வைத்து 2011 இல் ஒரு மேடை நிகழ்ச்சியே செய்தார்.

நான் பார்த்தது அதற்கெல்லாம் பிறகு. வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குகிற நோக்கமே தெரியவில்லை. ஒரு சுரத்தை அழுத்திவிட்டு, அது தேய்ந்து முடியும் வரை விரலை எடுக்காமல் இருப்பார். அடுத்த சுரம் அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ற சத்தத்தில் வரும். டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் பிடிக்கும் பிரஷ்ஷைக்கூடத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தார். இடது கை வெறும் பக்கவாத்தியமாக இல்லாமல் தன் போக்கில் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு பியானோக்காரர் பிராட் மெல்டாவின் இடது கையைப் பார்த்து வியக்கிறோமே, அவர் ஹெர்ஷிடம் பாடம் கேட்டவர். எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

தாளக்கட்டு:

பாஸ்டன் பக்கம் பியானோக்காரர் விஜய் ஐயர் என்று பெயரைப் போட்டாலே நம் ஆட்கள் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். இடைவேளையில் எனக்குப் பின்னால் ஒரு மாமா, "இதுல நம்ம சங்கீதம் எங்க இருக்கு?" என்று மாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமி பதில் சொல்லவில்லை.

அவர் 1971 இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதிலிருந்து பதினைந்து வருடம் மேற்கத்திய வயலின் கற்றார், பியானோ பெரும்பாலும் தானாக வந்தது. யேலில் கணக்கும் இயற்பியலும் படித்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியலை விட்டுவிட்டு இசைக்கு மாறி 1998 இல் முனைவர் பட்டம் வாங்கினார். 2013 இல் மக்கார்தர் விருது, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தோஷப்பட இந்தப் பட்டியலே போதும், பியானோவே வேண்டாம்!

நான் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவன். அதனால் கொஞ்சம் திமிரோடுதான் உட்கார்ந்தேன். மேடையில் லிண்டா மே ஹான் ஓ பாஸ், டைஷான் சோரி டிரம்ஸ். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்துகொண்டே இருந்தார்கள். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். ஏழு மாதிரி இருந்தது, அப்புறம் ஐந்து மாதிரி இருந்தது, அப்புறம் தாளம் தொடங்கும் சமம் எங்கே என்றே தெரியவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டு அவர் உடம்பைப் பார்த்தேன். விரல்கள் என்ன செய்தாலும் குதிகால் வேறொரு நிதானமான அடியில் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரின் தோளும் அந்த அடிக்குத்தான் ஆடின. எனக்கும் அதற்குப் பிறகு தொலையவில்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய ஆய்வேடு எதைப் பற்றியது என்று பார்த்தேன். தாளத்தை மூளை மட்டும் எண்ணிப் புரிந்துகொள்வதில்லை, நடை, மூச்சு, விரல் அசைவு என்று உடம்பின் வழியாகத்தான் உணர்கிறோம் என்பது அதன் அடிப்படை. சரி, இதைத்தான் பார்த்துவிட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாமாவுக்கு ஒரு வழி சொல்லலாம். கிதார் பிரசன்னா, தபலா நிதின் மித்தாவோடு 2011 இல் வந்த 'தீர்த்தா' ஆல்பத்தைக் கேட்கட்டும், அதில் நம் சங்கீதம் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இருக்கிறது. ஆனால் நான் கொடுப்பது 2009 இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'. அதில் மாதங்கி அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.யின், 'கலாங்' பாட்டை ட்ரியோ அடித்து நொறுக்கியிருக்கும். ஈழத்து வேர் உள்ள லண்டன்காரி போட்ட பாட்டை ஆல்பனித் தமிழர் பியானோவில் வாசிக்கிறார், ஒரு இடத்திலும் ராகம் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

யோகோஹாமா தம்பி:

பியானோக்காரர் ஹிரோமி உயெஹாராவை யாரும் இன்னும் சொல்லவில்லையே. ஹமமாட்சுவில் பிறந்தவர், 1979. யமஹா தலைமையகம் இருக்கும் ஊர், பியானோ அங்கே பிறந்து வளர்கிற பொருள். பதினேழு வயதில் டோக்கியோவில் பெரிய பியானோக்காரர் சிக் கொரியாவைச் சந்தித்து, மறுநாளே அவர் மேடையில் ஏறி வாசித்தவர். பிறகு பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரி. 2003 இல் வந்த முதல் ஆல்பத்தின் தயாரிப்பில் மூத்த பியானோக்காரர் அஹ்மத் ஜமாலும் பங்கெடுத்தார்.

நான் பார்த்தது 2020 இல், டோக்கியோ ப்ளூ நோட்டில். ஊரே முடங்கிக் கிடந்தபோது, கிளப்புகள் மூடிவிடக் கூடாது என்று அவர் தொடர்ந்து வாசித்தார். பாதி நாற்காலி காலி, எல்லோருக்கும் முகக்கவசம், கத்தக் கூடாது. வழக்கமாக அவர் எழுந்து நின்று, முழங்கையால் கட்டைகளை இடித்து, சிரித்துக்கொண்டே வாசிப்பார், கூட்டம் பதிலுக்குக் கத்தும். அன்று கைதட்ட மட்டும்தான் முடிந்தது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டு நின்றபாடில்லை.

எவன்ஸ் பக்தன்:

ஹிரோமி திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது சர்க்கஸ். இரண்டு பாட்டுக்கு மேல் மூச்சு முட்டுகிறது.

யோகோஹாமா தம்பி:

அண்ணா, மெதுவான பாட்டு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டீர்கள் போல.

ஆறரைக் கட்டை:

நான் சொல்லப்போவது கச்சேரி இல்லை, வகுப்பு. பியானோக்காரர் பேரி ஹாரிஸ் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பாடம் நடத்துவார். வாசலில் சின்னத் தொகை கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம், தேர்வு கீர்வு எதுவும் கிடையாது. முதலில் பியானோக்காரர்கள், பிறகு பாடகர்கள், கடைசியில் சாக்ஸபோன், டிரம்பெட் கூட்டம். முடிய நள்ளிரவு ஆகும். அப்போதே அவருக்கு எண்பது தாண்டியிருந்தது.

பியானோவைச் சுற்றி நாங்கள் நெருக்கியடித்து நின்றோம். கல்லூரி மாணவனும் இருந்தான், பெயர் பெற்ற வாத்தியக்காரரும் இருந்தார், என்னைப் போல ஆபீஸ் விட்டு ஓடி வந்தவனும் இருந்தேன். யாராவது ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். பிடிக்கவில்லை என்றால் நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்காருவார். அந்தப் பெரிய கை இறங்கியதும் அதே பியானோவா என்று தோன்றும்.

அவர் சொல்லித்தந்ததில் முக்கியமானதை நம் பாஷையில் சொல்கிறேன். சங்கராபரணத்தின் ஏழு சுரத்தோடு சுத்த தைவதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எட்டாகும். இப்போது ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். ச, க, ப, சதுச்ருதி தைவதம்: இது வீடு, இளைப்பாறும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). மிச்சம் இருப்பது ரி, ம, சுத்த தைவதம், நி: இது டிமினிஷ்டு, வீட்டுக்குப் போகத் துடிக்கிற கார்ட். ஒவ்வொரு படியாக ஏறினால் வீடு, துடிப்பு, வீடு, துடிப்பு என்று மாறி மாறி வரும். பியானோக்காரர்கள் கார்டை ஒரே இடத்தில் அமுக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அது நடக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வழக்கு. ஏழு சுரத்தை வைத்து இப்படி மாற்றி மாற்றி ஏற முடியாது, எட்டு வேண்டும். இவ்வளவு எளிமையாக இருக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது.

அவர் வாழ்ந்த வீடு நியூ ஜெர்சியில் வீஹாக்கனில், மன்ஹாட்டனிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில். ஜாஸ் கலைஞர்களை ஆதரித்த சீமாட்டி பாரனஸ் பன்னோனிகாவின் வீடு, பூனைகளுக்குப் பெயர் போனது. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் கடைசி வருடங்களைப் பியானோவைத் தொடாமல் கழித்ததும் அங்கேதான், 1982 இல் இறக்கும்வரை. கொரோனா வந்ததும் ஹாரிஸ் வகுப்பை ஜூமுக்கு மாற்றினார். 2021 டிசம்பரில் அதே நோய் அவரைக் கொண்டுபோனது, வயது 91.

பழைய எல்பி:

இரவுப்பறவைக்கு: முனகலை நேரில் கேட்டால் உறுத்தாது, நம்புங்கள். ஜாரெட்டை நான் நியூயார்க் கார்னகி ஹாலில் மேல்மாடியிலிருந்து பார்த்தேன். பாதி நேரம் இருக்கையில் உட்காரவே இல்லை. எழுந்து, குனிந்து, இடுப்பை வளைத்து, கட்டைகளுக்குள் எதையோ தேடுபவர் போல இருந்தார். முனகல் அந்தத் தேடலோடு சேர்ந்தது. மேலே இருந்த நாங்கள் இருமலை அடக்கிக்கொண்டு தவித்தோம், இருமினால் அவருக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

எல்லோரும் கேட்கும் ஜாரெட்டின் 'கோல்ன் கான்சர்ட்', ஜெர்மனியின் கோல்ன் நகரத்துக் கச்சேரி, 1975 ஜனவரி 24 அன்று நடந்தது. ஏற்பாடு செய்த வெரா பிராண்டஸுக்குப் பதினெட்டு வயது. கேட்ட பியானோ வராமல் சின்னதாக ஒரு பழுதான பியானோ வந்து நின்றது. மேல் சுரங்கள் தகரம் மாதிரி, கீழே கனம் போதாது. அதனால் நடுப்பகுதியிலேயே தங்கி, இடது கையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கனத்தை வரவழைத்தார். அந்தத் திரும்பல்தான் லட்சக்கணக்கானவர்களை மயக்கியது.

2018 இல் ஜாரெட்டுக்கு இரண்டு பக்கவாதம். இடது கை திரும்பவில்லை என்று 2020 இல் அவரே சொன்னார். 2017 பிப்ரவரியில் அதே கார்னகி ஹாலில் வாசித்தது கடைசியாகிவிட்டது. மேலே குயின்ஸ்வாசி எழுதிய ஹெர்ஷ் கதையைப் படித்தபோது, ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

ஹார்லெம் அக்கா:

எல்லோரும் உட்கார்ந்தே கேட்டிருக்கிறீர்கள். நான் ஆடினேன்!

பியானோக்காரர் ஜேசன் மோரன், ஹூஸ்டன்காரர், 1975 இல் பிறந்தவர், பழைய பியானோக்காரர் ஜாக்கி பையார்டின் மாணவர். நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த பியானோக்காரர் ஃபாட்ஸ் வாலர் 1943 இல் இறந்தவர். அவர் பாட்டுகளை எடுத்து மோரன் ஒரு ஆட்டக் கச்சேரி செய்தார். காகிதக்கூழில் செய்த பெரிய ஃபாட்ஸ் தலையை, தொப்பியும் சிகரெட்டுமாக, தன் தலையில் மாட்டிக்கொண்டு வாசிப்பார். அதற்குள்ளிருந்து கட்டை எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 1930களின் பாட்டு, அடி மட்டும் இன்றைய கிளப் அடி. நாற்காலி போடவில்லை, முன்னால் தரை காலி. முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஜாஸ் ரசிகர்களுக்கே உரிய முறையில் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினோம். பிறகு வயதான ஒரு அம்மா, ஹார்லெம்காரர், நடுவில் இறங்கினார். அவ்வளவுதான்.

தாளக்கட்டு சொன்ன குதிகால் விஷயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவர் அதை நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறார். மோரன் மறுபடி இதைப் போட்டால் இங்கே எழுதுகிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடி டிக்கெட் எடுங்கள், மற்றவர்கள் ஷூவைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்.