கேசவானந்த பாரதி தீர்ப்பு: ஏழு பேரா, ஒன்பது பேரா?

கரிசல்காட்டான்:
நேற்று இன்னொரு திரியில் உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்பைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “1973இல் 13 நீதிபதிகளும் ஒரே குரலில் நாடாளுமன்றத்துக்குக் கடிவாளம் போட்டார்கள்.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரே குரலா? ஏழுக்கு ஆறு! ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் போயிருந்தால் இன்றைக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்ற பேச்சே இருக்காது. அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படையை அழிக்கக் கூடாது என்று சொன்னவர்கள் ஏழு பேர்தான். தெரியாவிட்டால் எழுதாதீர்கள்.

குறுக்குவிசாரணை:
ஏழு பேர்கூட இல்லை. முழுத் தீர்ப்பையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்று தலைமை நீதிபதி சிக்ரி உட்பட ஆறு பேர் ஒரு பக்கம், வரம்பு இல்லை என்று ஏ.என்.ராய் உட்பட ஆறு பேர் மறுபக்கம். நடுவில் எச்.ஆர்.கன்னா தனியாக நின்றார். அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்று ராய் பக்கம் சாய்ந்தார், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் தொடக் கூடாது என்று இந்தப் பக்கம் வந்தார். ஆறும் ஆறும் ஒன்றும். இதில் ஏழு எங்கே இருக்கிறது?

மாடப்புறா:
ஏழும் இல்லை, ஆறும் இல்லை, ஒன்பது. 1973 ஏப்ரல் 24 அன்று பெரும்பான்மைக் கருத்து இதுதான் என்று ஒரு சுருக்கம் எழுதப்பட்டது. அதில் ஒன்பது நீதிபதிகள் கையெழுத்துப் போட்டார்கள். பலேகரும் ஒய்.வி.சந்திரசூட்டும் எதிர்த் தீர்ப்பு எழுதியவர்கள். அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன வாதம்?

குறுக்குவிசாரணை:
அந்தத் தாள் தீர்ப்பு அல்ல. ராய், மேத்யூ, பேக், துவிவேதி நான்கு பேரும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

எழுத்தாணி:
ஒரு சந்தேகம். அடிப்படைக் கட்டமைப்பு என்றால் அதில் எதெது அடங்கும்? சிக்ரி ஒரு பட்டியல் தருகிறார், மற்றவர்கள் வேறு தருகிறார்கள். அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

கரிசல்காட்டான்:
அது பிறகு. குறுக்கு சார், நான்கு பேர் போடவில்லை என்றால் ஒன்பது பேர் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்? நான் சொன்ன ஏழையும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், மாடப்புறா சொல்லும் ஒன்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். நீங்களாக ஒரு எண் சொல்லுங்கள்.

குறுக்குவிசாரணை:
ஒன்று. கன்னா ஒருவர். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்ற கோலக்நாத் தீர்ப்பை 1971 என்று எழுதி, நான் திருத்திய பிறகு சத்தமில்லாமல் அழித்தவரிடம் எண்களைப் பற்றிப் பேசுவது வீண். அது 1967. அதுவும் ஆறுக்கு ஐந்து.

கரிசல்காட்டான்:
அந்தத் தட்டுப்பிழையை இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். சட்டம் படித்த திமிர் என்பது இதுதான்.

தென்றல்வீதி:
எல்லோரும் கன்னாவைத் தூக்கி வைக்கிறீர்கள். நம் ஊர்க் கதையைப் பேசுங்கள். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) வந்தது, இடஒதுக்கீடு பிழைத்தது. பிழைக்க வைத்தது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல. நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை, நீதிமன்றம் தொடாமல் காக்கும் என்று நம்பி, 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தோம். 2007இல் கோயலோ தீர்ப்பு வந்து, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் வைத்த எதையும் நாங்கள் ஆராய்வோம் என்றது. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? உங்கள் கேசவானந்த பாரதியிடமிருந்து. இத்தனைக்கும் அந்த மடாதிபதி கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் வழக்குப் போட்டார். எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல் பக்தி கிடையாது.

மாடப்புறா:
தோழர், பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். 1976, 1980, 1991, மூன்று முறை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த அரசைக் கலைத்தார்கள். 1994இல் பொம்மை தீர்ப்பு வந்த பிறகுதான் மாநில அரசைக் கலைக்கும் 356ஆவது பிரிவை எடுத்து வீசுவது கடினமானது. கூட்டாட்சி அடிப்படைக் கட்டமைப்பு என்று அங்கே சொன்னார்கள். கேசவானந்த பாரதி இல்லாமல் பொம்மை ஏது? 69ஐக் காக்க அந்தச் சுவரை இடித்தால் மாநிலத்துக்கு மிஞ்சுவது என்ன?

தென்றல்வீதி:
சுவரா? 1976இல் நெருக்கடி நிலையில் ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்தபோது அந்தச் சுவர் எங்கே போனது? ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில், உள்ளே வைத்தவர்கள் விடுதலை கேட்டு நீதிமன்றம் வர முடியாது என்று நாலுக்கு ஒன்றாகக் கைவிரித்தார்கள். அந்த நாலு பேரில் உங்கள் ஒன்பதில் கையெழுத்துப் போட்ட சந்திரசூட்டும் ஒருவர். அதைத் தவறு என்று சொல்ல தனியுரிமை பற்றிய 2017 புட்டசாமி தீர்ப்பு வரை, அவர் மகன் வந்து எழுதும் வரை, 41 வருஷம் ஆனது.

குறுக்குவிசாரணை:
ஜபல்பூரில் மறுத்து எழுதிய அந்த ஒருவர் யார்? கன்னா. நான் முதலிலிருந்தே சொல்கிறேன், ஒன்று. 1977 ஜனவரியில், பணிமூப்பில் முந்திய அவரைத் தாண்டி பேக்கைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அவர் ராஜினாமா செய்தார். அதற்கு முன் 1973இல் ஷெலாட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ராயைத் தலைமை நீதிபதியாக உட்கார வைத்தார்கள். அரசுக்குத் தெரிந்திருந்தது எந்த ஒருவர் முக்கியம் என்று.

எழுத்தாணி:
அடிப்படைக் கட்டமைப்பில் எது அடங்கும் என்று கேட்டிருந்தேன்.

கரிசல்காட்டான்:
குறுக்கு சார், சுற்றி வளைக்காதீர்கள். அந்த மூவரும் யார் பக்கம்? சிக்ரி பக்கம். கன்னா தனியாள் என்றால் மூவரைத் தண்டிப்பானேன்? ஏழு பேரும் ஒரு அணி என்று அரசே நினைத்திருக்கிறது. ஏழு.

மாடப்புறா:
ஒன்பது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் நெருக்கடி நிலையில் வந்த 42ஆவது திருத்தத்தின் கூறுகளை அடித்து, நாடாளுமன்றத்துக்கு வரம்பில்லாத திருத்தும் அதிகாரம் கிடையாது என்று எழுதியவர் யார்? 1973இல் எதிர்த்து எழுதிய அதே சந்திரசூட், தலைமை நீதிபதியாக. கையெழுத்தை மதித்தவர் அவர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தென்றல்வீதி:
ஜபல்பூரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 69 சதவீதத்துக்கும் இன்னும் பதில் இல்லை.

குறுக்குவிசாரணை:
தென்றல்வீதி, அதற்குத் தனித் திரி திறங்கள், வந்து சொல்கிறேன். மாடப்புறாவுக்கு ஒரே கேள்வி. ஒன்பது பேர் ஒத்துக்கொண்ட தெளிவான பெரும்பான்மை என்றால், 1975 நவம்பரில் அந்தத் தீர்ப்பை மறு ஆய்வு செய்ய ராய் மறுபடி 13 பேரை உட்கார வைத்தது எதற்கு? பெரும்பான்மை எது என்றே தெரியாததால்தான்.

மாடப்புறா:
உட்கார வைத்தவரே அந்த அமர்வைக் கலைத்தாரே! கேசவானந்த பாரதிக்காக வாதாடிய அதே வழக்கறிஞர் பால்கிவாலா வாதாடி இரண்டே நாளில். யார் கேட்டு மறு ஆய்வு என்பதற்கே விடை இல்லாமல் போனது. சந்தேகம் இருந்தது ராய்க்கு மட்டும்தான். கையெழுத்துப் போடாதவருக்கு.

குறுக்குவிசாரணை:
போடாதவர்கள் நான்கு பேர். ஏன் போடவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறேன். யாரும் பதில் சொல்லவில்லை.