இராட்டிரகூடர் வீழ்ச்சிக்கு மூன்றாம் கிருஷ்ணன்தான் காரணமா?

கல்வெட்டுக்காரன்:
‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்று நம் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகள் சொல்லும் மூன்றாம் கிருஷ்ணன் இறந்தது 967இல். 973இல், தக்காணத்தை ஆண்டுவந்த இராட்டிரகூட அரசே இல்லை. அழிவுக்கு வழி செய்தவன் அவன்தான் என்பேன். ஜெயித்த நிலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்தான். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்ற கங்க மரபுச் சிற்றரசன் பூதுகனுக்கு ‘வனவாசி 12000’ என்ற நாடு உட்பட எத்தனை நாடுகள்! இப்படிக் கொடுத்தால் தலைமைக்கு என்ன மிஞ்சும்?

தக்காணத்தான்:
அந்தக் கொடை ஆதகூர் நடுகல்லில் இருக்கிறது. அதை முழுசாகப் படியுங்கள். பூதுகனின் வீரன் மணலேரன் தனக்குப் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. அது ஒரு பெரிய பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அந்த நாய்க்காக நட்ட கல் அது. மன்னன் முதல் வீரன் வரை கொடுத்து வாங்கித்தான் அந்த அரசு நடந்தது. இந்த அரசை நிறுவிய தந்திதுர்க்கனே சாளுக்கியருக்குக் கீழே இருந்து, 753 வாக்கில் அவர்களைத் தள்ளிவிட்டு வந்தவன்தானே? அதே ஏற்பாடு 200 வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்புறம், அள்ளி வாங்கிய கங்கர்கள்தான் கடைசிவரை கூட நின்றார்கள். எல்லாம் போன பிறகும் கிருஷ்ணனின் பேரன் நான்காம் இந்திரனைப் பட்டத்தில் ஏற்றப் பாடுபட்டவன் பூதுகன் மகன் மாரசிம்மன்.

நர்மதைக்கரை:
நேரடிக் காரணத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். 972இல் மாளவத்துப் பரமாரன் சீயகன் மான்யகேடத்துக்குள் புகுந்து சூறையாடினான். தலைநகரத்தையே காக்க முடியாத அரசனை எந்தச் சிற்றரசன் மதிப்பான்?

கல்வெட்டுக்காரன்:
வடக்கு வாசல் ஏன் திறந்து கிடந்தது? கிருஷ்ணனின் கண்ணெல்லாம் தெற்கே. 959இல்கூட மேல்பாடியில் முகாம் போட்டு, சோழர் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தான். கங்கர்கள் விஷயம் சரி, பூதுகன் கிருஷ்ணனின் சகோதரியை மணந்தவன். ஆனால் பின்னால் இராட்டிரகூடரைக் கவிழ்த்த தைலபனைத் தர்தவாடியில், இன்றைய விஜயபுரா பக்கம், அதிகாரத்தில் வைத்ததும் இதே கிருஷ்ணன்தான். சாளுக்கிய வம்சம் என்று சொல்லிக்கொள்பவனை மடியில் வைத்து வளர்ப்பார்களா?

தக்காணத்தான்:
தைலபனும் இராட்டிரகூடப் பெண்ணைக் கட்டியவன்தான். உறவு அங்கே காப்பாற்றவில்லையே! கிருஷ்ணன் இருந்தவரை அவன் வாலாட்டவில்லை, சீயகனும் இராட்டிரகூடரைத் தலைவராக ஏற்றுச் செப்பேடு வெளியிட்டவன். கிருஷ்ணனுக்குப் பின் வந்த கொட்டிகன் காலத்தில் தலைநகரம் பறிபோனது. அடுத்து வந்த கர்க்கனைத் தைலபன் பாய்ந்து வீழ்த்திவிட்டான். கணக்கு கேட்க வேண்டியது இந்த இருவரிடம்தான்.