புதுப்பிப்பு: ஆயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்த எஞ்சின், கசிந்த இடம் தெரிந்துவிட்டது

முழுதாகப் பிரித்துக் கட்டிய டிராக்டர் எஞ்சின், 40 மணி நேரம் ஓடுவதற்குள் ஆயிலைப் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாற்றிவிட்டதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பலரும் ஹெட் கேஸ்கட்டையே (எஞ்சினின் மேல்மூடிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகித்தீர்கள், நானும்தான். ஆனால் அது பழுதானால் வழக்கமாகத் தெரியும் அடையாளங்கள் எதுவும் காணோம்: ரேடியேட்டரில் குமிழியும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஓரிரவு நிறுத்திவைத்துச் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) வடிபோல்ட்டை மெல்லத் தளர்த்தியபோது, ஆயிலைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருந்த பச்சைக் கூலன்ட்தான் முதலில் வந்தது.

ஆயிலும் கூலன்டும் அருகருகே ஓடும் ஆயில் கூலரைத் தனியே காற்றழுத்தத்தில் சோதித்துக் குறையில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சம்ப்பைக் கழற்றி, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி 1 பார் அழுத்தம் ஏற்றினோம். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மூன்றாம் லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) அடிவிளிம்பில் ஒரு துளி திரண்டு கிராங்க் தண்டின் மேல் விழுந்தது. லைனரை உருவிப் பார்த்தால், கூலன்ட் கீழே இறங்காமல் தடுக்கும் கீழ் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) முறுக்கிக்கொண்டு ஓரிடத்தில் சீவப்பட்டிருந்தது. எஞ்சினைக் கட்டியவர்கள் சோப்பு நீர்கூடத் தடவாமல் லைனரை உலர்வாகவே இறக்கியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

நான்கு லைனர்களுக்கும் புது ஓ-ரிங் போட்டாயிற்று. கூலன்ட் பட்டு மங்கியிருந்த பேரிங்குகளையும் மாற்றினோம். இப்போது 15 மணி நேரம் ஓடியிருக்கிறது; ஆயில் நிறம் மாறவில்லை.