புது பிசி: பத்து நிமிஷத்தில் கேம் திணறுகிறது, உதவுங்கள்

புதுப்பெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வந்து, வீடியோ பார்த்து நானே மாட்டிய முதல் பிசி. இன்டெல் ஐ5-12400எஃப் சிபியு, அதனுடன் வந்த கூலர், பி660 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை.

சைபர்பங்க் 2077, 1080பி, ஹை செட்டிங். முதலில் 55 எஃப்பிஎஸ் (நொடிக்கு 55 படம்) வருகிறது. பத்து நிமிஷம் போனதும் 20, 25 என்று விழுந்து, கார் ஓட்டினால் படம் விட்டு விட்டு நகர்கிறது. லோவுக்குக் குறைத்தாலும் அதே கதைதான். விண்டோஸை இரண்டு தடவை போட்டாச்சு, டிரைவரும் புதுசு. இரண்டு வருஷம் சேர்த்த காசு. அப்பா தினமும் "ஓடுதா?" என்கிறார்.

ராத்திரிஆட்டம்:
ப்ரோ, மானிட்டர் கேபிளை போர்டில் குத்தியிருப்பீங்க, கார்டுக்கு மாத்துங்க. இல்லேன்னா பவர் சப்ளை பத்தல, 750 வாட் வாங்கிடுங்க.

சாலிடர்கடை:
கேபிள் பிரச்சினை இல்லை. எஃப் என்று முடியும் சிபியு சிப்பில் கிராபிக்ஸே கிடையாது, போர்டில் குத்தினால் திரை இருட்டாகத்தான் இருக்கும். கார்டு 170 வாட், சிப் முழு வேகத்தில் எகிறினாலும் 117 வாட். 550 போதும். மின்சாரம் பத்தாவிட்டால் பெட்டி பெரும்பாலும் பட்டென்று அணைந்துவிடும், இப்படி மெதுவாகாது. காசைக் கரைக்காதே தம்பி.

எனக்கு உறுத்துவது வேறு. கார்டு திணறுகிறது என்றால், லோவில் எஃப்பிஎஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையே. சூடு, வேகம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை இறக்கி, விளையாடும்போது மூன்று எண் பார்த்துச் சொல்: கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, சிபியு சூடு, சிபியு கிளாக் (அது ஓடும் வேகம்). டாஸ்க் மேனேஜரில் சிபியு சூடு தெரியாது. ஆனால் அதில் மெமரி பக்கம் ரேம் வேகம் இருக்கும், அதையும் பார்.

புதுப்பெட்டி:
அண்ணா, கார்டு 38 சதவீதம். சிபியு 100 டிகிரி. கிளாக் 4.0 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1.6க்கு வந்துவிட்டது. கேம் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 71 டிகிரி. ரேம் 2133. நான் மதுரை, இங்கே வெயில் அதிகம். அதனால் இருக்குமோ?

சாலிடர்கடை:
சும்மா இருக்கிற சிப் 71 காட்டுகிற அளவுக்கு மதுரை இன்னும் கொதிக்கவில்லை. அந்த சிப் 100ஐத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அது வேலையைத் தரும்வரை கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த 38 சதவீதம் அதுதான்.

கூலர் சரியாக உட்காரவில்லை. நாலு மூலையிலும் இருக்கிற பிளாஸ்டிக் ஊசியில் ஏதோ ஒன்று பூட்டாமல் இருக்கும். கேபினட்டின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார். நாலு வெள்ளைக் கால்களும் ஒரே அளவு வெளியே வந்து, நடுவில் கறுப்பு ஊசி இறங்கியிருக்க வேண்டும். கூலரைத் தூக்கினால் சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டை நன்றாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுசு வை. திரும்ப மாட்டும்போது எதிர் எதிர் மூலையாக அழுத்து, டக்கென்று கேட்கும்வரை.

அப்புறம் ரேம் எந்த ஸ்லாட்டில்?

புதுப்பெட்டி:
1, 2. பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அழகாக இருந்தது.

சாலிடர்கடை:
அழகுதான், ஆனால் இரண்டும் சிபியுவுக்குப் போகும் ஒரே பாதையில் (சேனல்) நெரிகின்றன. சிபியுவிலிருந்து எண்ணி 2, 4ல் மாற்று. பயோஸில் (போர்டின் செட்டிங் திரை) ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய். இல்லாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்து 2133ல் ஓட்டிக்கொண்டிருப்பாய்.

புதுப்பெட்டி:
அண்ணா, ஃபேன் வயர் ஓடுகிற பக்கத்து ஊசி பாதிதான் இறங்கியிருந்தது! கூலரைத் தூக்கினேன், ஒரு ஓரத்தில் பேஸ்ட் சிப்பில் ஒட்டவே இல்லை, பூசி வந்த கோடுகள் அப்படியே இருந்தன. அழுத்தும்போது போர்டு வளைந்தது பார்த்து உயிர் போய் வந்தது. நாலு டக்கும் கேட்டது.

இப்போது ஒரு மணி நேரம் விளையாடினேன். சிபியு 72 டிகிரி, கிளாக் 4.0ல் நிற்கிறது. கார்டு 97 சதவீதம், எஃப்பிஎஸ் 70ஐ ஒட்டி. ரேம் 3200. அப்பாவையும் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கார் ஓட்டவிட்டேன், நேராகக் கடலில் விட்டார்.

ராத்திரிஆட்டம்:
அப்போ 750 வாட் வேணாமா?

சாலிடர்கடை:
வேண்டாம்.