மொரீஷியஸில் கறிவேப்பிலைக்கு என்ன பெயர்? தீவுக்குக் குடிபோன நம்ம மும்பைக்காரர்கள்

செம்பூர் வாசி:

2017 ஜனவரியில் நாங்கள் நாலு பேரும் மொரீஷியஸில் போய் இறங்கினோம். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. 2022 ஜூனில் திரும்பி மும்பையில் செம்பூருக்கே வந்துவிட்டோம். ஐந்தரை வருஷக் கதை முழுவதையும் எழுத முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வீடு காத்ர் போர்ன் என்கிற ஊரில். மேட்டு நிலம். தீவு என்றால் வாசலில் கடல் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கரும்பும் மலையும்தான் தெரிந்தன. முதல் நாளே கிரைண்டரை எடுத்தேன், நம்ம பிளக் அங்கே சுவரில் நுழையவில்லை. லண்டனில் இருப்பது போல மூன்று சதுரக் கால். அதைச் சரிசெய்து மாவரைத்தோம். ஜூலை வந்ததும் மாவு பொங்காமல் படுத்துவிட்டது. அங்கே ஜூலைதான் குளிர்காலம். மும்பையில் மே மாதம் அடுக்களை மேடை முழுக்க வழிகிற மாவைப் பார்த்துப் பழகிய எனக்கு, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைக்கிற நிலை.

போன முதல் சனிக்கிழமை சந்தைக்குத் தனியாகப் போனேன். பாஷையை நினைத்துத்தான் பயம். அங்கே அரசாங்கக் காகிதம் ஆங்கிலத்தில் வரும், செய்தித்தாள் பிரெஞ்சில் வரும், ஜனங்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த கலப்பு பாஷை. முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைப் பார்த்துக் கையை நீட்டினேன். கடைக்காரப் பெண், "பிரெட் முரூம்" என்றாள். பிரெட் என்றால் கீரை என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். முரூம்? முருங்கை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கறிவேப்பிலையைக் காட்டினேன், "காரிபுலே" என்றாள். பீர்க்கங்காயைக் காட்டினேன், "பிபங்காய்." அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளைப் பொறுத்தவரை அவை எல்லாம் கிரியோல் வார்த்தைகள், அம்மா வாயிலிருந்து கற்றவை. நான் அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு, தேவையே இல்லாமல் இன்னொரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதுக்கு மேல். அவர்கள் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். எந்த ஊரிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. 1834இலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் வந்து இறங்கிய படித்துறை தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கிறது, அப்ரவாசி காட் என்று பெயர். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே 16 கல்படிகள். எங்களை அழைத்துப்போய்க் காட்டியவர் அவர்தான். ஒவ்வொரு படியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாங்கள் போன ஒரு மாதத்திலேயே தைப்பூசம் வந்தது. அங்கே அதற்குக் காவடி என்றே பெயர், தேசிய விடுமுறை. கொடியேறிய நாளிலிருந்து பத்து நாளும் அந்த அம்மா கறி மீன் தொடவில்லை, தரையில் பாய் விரித்துப் படுத்தார். காவடியன்று கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு எங்களையும் கூட்டிப்போனார். படியேறும்போது எனக்கு நம்ம செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படிகள் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் பாடிக்கொண்டே ஏறினார். சுத்தமான தமிழ், ஒரு ழகரம் பிசகவில்லை. மேலே போனதும் நான் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். சிரித்தபடி கையை விரித்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் காட்டினார். தமிழ்ப் பாட்டு முழுவதும் ரோமன் எழுத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பேத்திக்கு என் மகள் வயது. பாட்டியின் கிரியோலை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஐம்பது வருஷமாகப் பாடுகிற பாட்டு, ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்ல முடியுமா என்று கேட்டார். வார்த்தை "வினை." முருகன் வதம் செய்த ஓர் அசுரனின் பெயர் அது என்றே அதுவரை நினைத்திருந்தாராம். அதை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. செய்த செயல், அதன் பலன், அது நம்மோடு கூடவே வருவது என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்படியானால் கப்பல் ஏறியவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தார்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பேத்தி பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள். அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே மூதாதையர் மொழி என்று தமிழ் சொல்லித்தருகிறார்கள். பாடப்புத்தகத்தை எடுத்துத் தடதடவென்று வாசித்தாள். ஒன்றும் புரியாமல் வாசித்தாள். என் மகள் வீட்டில் நாள் முழுக்கத் தமிழில் சண்டை போடுகிறவள், அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்தைக் கூடப் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மும்பையில் இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று ஓடியதில் தமிழ் எழுத்தை நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அது என் தப்பு. அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்தப் பெண் வாசிப்பாள், என் மகள் அர்த்தம் சொல்லுவாள். இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி வாத்தியார். ஆறு மாதத்தில் என் மகள் கடையில் அந்த ஊர் இருபத்தைந்து ரூபாய் நோட்டை நீட்டுமுன் அதில் அச்சாகியிருக்கும் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அந்த நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1998இல் புதிய நோட்டு வந்தபோது தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளையே திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி அச்சிட்டார்கள். வீட்டில் தமிழ் பேசாத ஜனங்கள் போராடி வாங்கிய இடம் அது. அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் மகன் மேசையைத் தட்டிச் சொன்னார்.

புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நவம்பரிலிருந்து மே நடு வரை புயல் காலம். ஒன்றிலிருந்து நான்கு வரை எச்சரிக்கை வகுப்பு, நாலுதான் உச்சம். 2018 ஜனவரியில் பெர்கித்தா புயல் வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. மழை எனக்குப் புதிதில்லை. 2005 ஜூலை 26இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது முழங்கால் தண்ணீரில் குர்லாவிலிருந்து நடந்து வந்தவள். ஆனால் அங்கே காற்று. அந்த அம்மா வந்து குளியலறை வாளி வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடிக்கச் சொன்னார், தோட்டத்திலிருந்த பூந்தொட்டிகளை உள்ளே எடுக்கவைத்தார், மெழுகுவர்த்தி கொடுத்தார், நாலாம் வகுப்பு வந்தால் யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார்.

தாராவிக்காரன்:

அக்கா, நான் குடும்பத்தோட போகல. தனி ஆளா மாலத்தீவுக்கு, ஒரு ஓட்டலுக்குச் சமையல் வேலைக்கு. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், பொறந்தது தாராவி. அங்க வழிபாட்டுச் சிலை கொண்டுபோக அனுமதி கெடையாது. எங்க அம்மா குடுத்த சின்னப் பிள்ளையாரை ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே எடுத்து வச்சிட்டேன். ரொம்ப நாள் மனசு கெடந்து அடிச்சிச்சு. வெள்ளிக்கிழமை வார லீவு, ஞாயித்துக்கிழமை வேலை நாள். ஊருல எல்லாரும் சேர்ந்து இருக்கும்போது நான் அடுப்புல நிப்பேன்.

ஒரு நாள் தலைநகர் மாலே துறைமுகத்துக்குக் காய்கறி எடுக்கப் போனோம். ஒரு தோணியில இருந்து வெங்காய மூட்டை எறங்குது. மூட்டை மேல தமிழ்ல எழுத்து. தோணி எங்கருந்துன்னு கேட்டா, தூத்துக்குடி! அதுல வந்த பெரியவர்கிட்ட எங்க ஊர்ப் பேரைச் சொன்னேன். "யாரு மவன்ல நீ?" அப்படின்னாரு. மும்பையில பொறந்த என்னை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல அக்கா. பெறவு மாசம் ஒரு தடவை தோணி வர்ற நாளா பாத்துப் போவேன். கருப்பட்டி கொண்டாந்து தருவாரு, காசு வாங்க மாட்டாரு.

சயான் பாட்டி:

என் மகன் குடும்பம் செஷல்ஸில் மாஹே தீவில் இருந்தபோது ஆறு மாதம் போய் இருந்தேன். நாட்டுக்கே ஒரு லட்சம் பேர்தான். நம்ம தாராவியில் ஒரு மூலைக்குக் காணாது. தலைநகர் விக்டோரியாவின் நடுவில் நவசக்தி விநாயகர் கோயில், ராஜகோபுரத்தோடு. அங்கே ஒரு நம்பிக்கை, அந்த மண்ணில் சீமைப்பலா சாப்பிட்டவர்கள் திரும்பவும் வருவார்களாம். நான் வெங்காயம் போட்டுப் பொரியல் செய்தேன், எதிர்வீட்டு அம்மாள் தட்டோடு வந்து நின்றாள். அதிலிருந்து வாரம் ஒரு காய் அவள் மரத்திலிருந்து வரும், பாதி பொரியல் திரும்பிப் போகும். பேசிக்கொண்டதே இல்லை, பாஷை ஏது.

டோம்பிவிலியிலிருந்து:

செம்பூர் அக்கா, என் கணவருக்கு மொரீஷியஸில் வேலை வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பத்தும் ஆறும். மாமியாரை விட்டுப் போக மனசில்லை. என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

செம்பூர் வாசி:

தங்கை, அங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்கும். நடுவில் போய்ச் சேர்த்தால் பிள்ளைகள் தடுமாறும், கூடுமானவரை டிசம்பரிலேயே போய்விடுங்கள். மூத்த பிள்ளைக்குப் பிரெஞ்சு இப்போதே கொஞ்சம் தொடங்கட்டும், அதுதான் என் மகளை அழவைத்தது. குக்கர் வாஷர் நாலைந்து எடுத்துப் போங்கள். கடலில் வெறுங்காலோடு இறங்கவிடாதீர்கள், "லாஃப்" என்று ஒரு மீன் கல்லைப் போலவே கிடக்கும், அதன் முள் கடும் விஷம். மாமியாருக்குத் தினமும் ஒரே நேரத்தில் போன் போடுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், பிள்ளைகள் ஏழு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது இங்கே எட்டரை. என் மாமியார் அந்த நேரத்துக்காகவே மாலையிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பாருங்கள், டிக்கெட் விலையைப் பார்த்துத் தள்ளிப் போடாதீர்கள். 2020இல் எல்லைகளை மூடியபோது எங்களால் வர முடியாமல் போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காத்ர் போர்னில் வீடு பார்ப்பதானால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அந்த அம்மாவின் வீட்டு அடையாளம் சொல்கிறேன். பேத்தி இப்போதும் என் மகளுக்குக் குரல் செய்தியில் பாட்டு வரிகளை அனுப்பி அர்த்தம் கேட்கிறாள். அவளுக்காக மாட்டுங்காவில் உரையோடு ஒரு பக்திப் பாட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், கொஞ்சம் கனம். உங்கள் பெட்டியில் இடமிருந்தால் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா?